கல்யாண வீட்டுக்கு உடுத்திப் போவது: தடுக்கப்பட்ட துணிகளின் வரலாறு

கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போகும்போது என்ன உடுத்துவது என்பது பெண்கள் பத்திரிகைகளில் வருசா வருசம் வருகிற கேள்வி. முகூர்த்தத்துக்குப் பட்டு கட்டுங்கள், வரவேற்புக்கு லேசான சேலை போதும், மணப்பெண்ணை விட மினுக்கலாகப் போகாதீர்கள் என்று பதிலும் எழுதுவார்கள். பீரோவைத் திறந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக் கட்டலாம், தடுக்க ஆளில்லை என்ற நினைப்பு கேட்கிறவருக்கும் இருக்கிறது, சொல்கிறவருக்கும் இருக்கிறது. எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்குப் பதிலை ஊர் கூடி முடிவு பண்ணி வைத்திருந்தது. மீறினால் வீட்டுக்குத் தீ. வேகத்தில் சொல்கிற பேச்சு என்று தோழர்கள் நினைக்க வேண்டாம். எண் போட்டு எழுதிய சட்டமே இருக்கிறது.

1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் (இன்றைய சிவகங்கை மாவட்டமும் அதற்குள்தான் இருந்தது) கள்ளர்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதிகளைப் பற்றி 1946-ல் வெளியிட்ட நூலில் அவற்றை வரிசையாகத் தருகிறார். ஆதிதிராவிடர் பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. (ஹட்டனின் ஆங்கிலத்தில் இது குங்குமப்பூச் சாந்து. இராமநாதபுரம் சேரியில் குங்குமப்பூவை எவள் கண்டாள்? மஞ்சளைத்தான் அப்படி எழுதியிருக்க வேண்டும். ரவிக்கையையும் தாவணியையும் மட்டும் துரை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்.) வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு கூடாது.

எட்டில் மண்பாத்திரம் ஒன்றைத் தவிர மற்ற ஏழும் உடம்பைப் பற்றியவை. தலையில் தொடங்கிக் கால் வரைக்கும் இறங்குகிறது. எம்.ஏ. தமிழ் படித்தபோது பாதாதி கேசம் என்று ஒரு இலக்கிய வகையைச் சொல்லிக் கொடுத்தார்கள். தெய்வத்தையும் தலைவியையும் அடியிலிருந்து முடி வரைக்கும் ஒவ்வோர் உறுப்பாகப் பாடுவது. இராமநாதபுரத்துத் தடைகள் ஒரு சேரி மனுசனின் உடம்பை அதே மாதிரி ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுத் தொட்டு, இங்கே இது இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு போகிறது.

இந்தப் பட்டியலை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். கூலி வேலைக்குப் போகிறவன் கோட்டு போட்டுக்கொண்டு வயலில் இறங்க மாட்டான். களையெடுக்கிறவள் பூ வைத்துக்கொண்டு, நகை போட்டுக்கொண்டு சேற்றில் நிற்க மாட்டாள். அப்படியானால் எந்த நாளை மனதில் வைத்து இந்தத் தடைகளை எழுதினார்கள்? கணுக்கால் வரை வேட்டி, மேலே சட்டை, வெட்டி எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை, கையில் குடை, காலில் செருப்பு. பக்கத்தில் ரவிக்கை போட்டு, மஞ்சள் பூசி, பூ வைத்து, கழுத்தில் ஒரு பொட்டுத் தங்கமாவது மின்ன நடக்கிற ஒரு பெண். கல்யாணத்துக்குக் கிளம்பிய புருசன் பெண்டாட்டி இவர்கள். ஒரு கல்யாண விருந்தாளியை நிறுத்தி வைத்து உரித்த கணக்குதான் அந்த எட்டும்.

தடை என்பது வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு சாட்சியம். யாரும் செய்யாத காரியத்தைக் கூட்டம் போட்டுத் தடுக்க மாட்டார்கள். கோட்டு கூடாது என்று 1930-ல் தீர்மானம் போட்டார்கள் என்றால் எங்கள் தெருவில் எவனோ கோட்டு போட்டிருக்கிறான். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறித் திரும்பியவர்கள் இராமநாதபுரம் சீமையில் ஏராளம். கையில் ரொக்கத்தோடும் பெட்டியில் துணியோடும் இறங்கிய அவர்களுக்கு அந்தத் துணியைப் போட்டுக் காட்ட ஊரில் என்ன இடம் இருக்கிறது? கல்யாணம்தான். அதே 1930 டிசம்பரில் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. அம்பேத்கரும் நம்முடைய இரட்டைமலை சீனிவாசனும் அங்கே கோட்டு அணிந்து உட்கார்ந்து நம் உரிமையைக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான், இங்கே கோட்டுக்கும் பனியனுக்கும் தடை எழுதினார்கள்.

எட்டும் சரியாக நடக்கவில்லை. சனங்கள் பணியவில்லை. குடிசைகளை எரித்தார்கள், தானியக் குதிர்களை அழித்தார்கள், ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். 1931 சூனில் மறுபடியும் கூடி எட்டைப் பதினொன்றாக்கினார்கள். இந்த முறை தேவேந்திரகுல வேளாளர் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள். பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும். காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணி வரை வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. சொந்த நிலத்தை மிராசுதாருக்கே மலிவாக விற்றுவிட வேண்டும். பணமும் நிலமும் படிப்பும் போய்விட்டால் துணி தானாகவே போய்விடும் என்று ஆறு மாசத்தில் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

கடைசி இரண்டு தடைகள் நேராகவே கல்யாணத்தைப் பற்றியவை. கல்யாணத்திலும் மற்ற விசேசங்களிலும் மேளம் வைக்கக் கூடாது என்பது பத்தாவது. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகிற வழக்கத்தை நிறுத்த வேண்டும், வீட்டுக் கதவையே பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும், எந்த வாகனமும் கூடாது என்பது பதினொன்றாவது. ‘வழக்கத்தை நிறுத்த வேண்டும்’ என்றால் வழக்கம் இருந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் குதிரை ஏறியிருக்கிறார்கள். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. எங்களை ஒழிக்கக் கூடியவர்களின் தீர்மானத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கதவு விசயம் என்னை விடவே இல்லை. கதவைக் கழற்றி, அதில் மாப்பிள்ளையையும் பொண்ணையும் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கள் பக்கம் செத்தவரைத் தூக்கிப் போகப் பாடை கட்டுவோம். அவசரத்துக்குக் கட்டிலையோ பலகையையோ தூக்குவோம். கல்யாணத்தையும் சாவு மாதிரி ஆக்கிப் பார்க்கிற புத்தி எந்த மூளையில் உதித்ததோ. அதோடு, அன்றைக்கு எத்தனை குடிசைக்குக் கதவு இருந்தது? பனையோலைப் படல்தான். படலில் யாரை உட்கார வைப்பது?

1931-ல் எங்கள் அப்பத்தா பிறக்கவில்லை. அதன் அம்மா கல்யாணமாகி வந்த புதுசு. அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை, ஹட்டனையும் தெரியாது. ஆனால் இந்தச் சட்டத்தின் மிச்சத்தில் வாழ்ந்தது. சாகிறதுக்கு முன்னால் உட்கார வைத்து நான் கேட்டு எழுதி வைத்தது கொஞ்சம் இருக்கிறது. பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்குப் போவீங்களா அப்பத்தா என்று கேட்டேன்.

“போகாம? மூணு நா முன்னாடியே போகணுமே. நெல்லு குத்த, வெறகு பொளக்க, பந்தலுக்கு மண்ணு தூக்க.”

விருந்துக்கு?

“விருந்துன்னா, பந்தி எல்லாம் முடிஞ்சு கொல்லப்பக்கம் கூப்புடுவாக. ஏனத்தக் கொண்டுக்கிட்டுப் போகணும். கட்டுன சீலயோடதேன். நல்ல சீல கட்டிப் போனா, என்னடி ஒனக்கா கல்யாணம்னு கேப்பாக. ஒருக்கா ஒங்க சின்னத்தா ரவுக்க போட்டுக்கிட்டு வந்துட்டா. அம்புட்டுப் பேரும் அவளத்தேன் பாத்தாக. சோறு வாங்காமயே திரும்பிட்டா.”

பண்ணை மகளின் கல்யாணத்துக்கு அப்பத்தாவுக்கும் ஒரு சேலை கிடைத்திருக்கிறது. ஆனால் கல்யாணத்தன்றைக்கு அதைக் கட்டக் கூடாது. மறுநாள் களையெடுக்கிறபோது கட்டிக்கொண்டு போய், பண்ணை கண்ணில் படும்படி நிற்க வேண்டும். கொடுத்தவருக்கு மரியாதை அது. விருந்தாளிக்கும் பண்ணையாளுக்கும் நடுவிலே இருக்கிற கோட்டை ஒரே சேலையை வைத்துக் கிழித்திருக்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது அப்பத்தா அழவில்லை. பச்சைச் சேலை, அரக்குக் கரை என்று நிறத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னது.

நம் மொழியில் இரவல் சேலையைப் பற்றிப் பழமொழிகள் உண்டு. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்பது ஒன்று. பட்டுச் சேலையை இரவல் கொடுத்துவிட்டு மணைக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தாளாம் என்பது இன்னொன்று. இரண்டிலும் சேலை இல்லாதவளைப் பார்த்துத்தான் சிரிப்பு, அல்லது சேலை உள்ளவளின் கவலை. இரவல் வாங்கியவள் அன்றைக்குப் பந்தியில் எப்படி உட்கார்ந்தாள், கறை பட்டுவிடும் என்று இலையில் குனியாமல் எப்படிச் சாப்பிட்டாள் என்று பழமொழி கட்டினவர்களுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அது எல்லாருக்கும் தெரியும்.

சாதி இந்துக்களின் கல்யாணத்தில் எங்களுக்கு என்று நிச்சயமாக ஓர் இடம் இருந்தது. பறை அடிக்கிற இடம். 1936-ல் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ உரையில் ஒரு செய்தியை எடுத்துக் காட்டுகிறார். 1928-ல் இந்தூர் சமஸ்தானத்தில் கனாரியா, பிச்சோலி முதலான ஊர்களின் மேல்சாதியார், பலாய் என்ற தீண்டப்படாத மக்களுக்கு விதித்த கட்டளைகள் அவை. சரிகைக் கரை வைத்த தலைப்பாகை கட்டக் கூடாது, வண்ணக் கரை வேட்டி கூடாது, பெண்கள் பொன், வெள்ளி நகை போடக் கூடாது, அழகான பாவாடையும் ரவிக்கையும் கூடாது. கூடவே, எல்லா இந்துக் கல்யாணத்திலும் ஊர்வலத்துக்கு முன்னால் பலாய்கள் வாத்தியம் வாசித்தே ஆக வேண்டும். இராமநாதபுரத்தில் எங்கள் கல்யாணத்துக்கு மேளம் கூடாது. இந்தூரில் அவர்கள் கல்யாணத்துக்கு நாங்கள் மேளம் அடிக்காமல் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் மைல். எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது.

பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. மனுவின் பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளருக்கு உடுப்பு செத்தவர்களின் துணி, நகை இரும்பு என்று எழுதியாயிற்று. தமிழ்நாட்டில் அரசர்கள் என்ன செய்தார்கள் என்றால், யாருக்கு எது என்று பங்கு போட்டுக் கல்லில் வெட்டினார்கள். கோனேரின்மைகொண்டான் பெயரில் உள்ள கொங்குநாட்டு ஆணை ஒன்று, கம்மாளர்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்று உரிமை கொடுக்கிறது. கல்வெட்டுப் பாடம் நடத்தியவர் இதைக் கலைஞர்களுக்குச் செய்த சிறப்பு என்று சொல்லிக் கடந்து போனார். செருப்புப் போட ராசாவின் கையெழுத்து வேண்டியிருந்த நாட்டில், கையெழுத்துக் கிடைக்காதவர்கள் எப்படி நடந்தார்கள் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விரிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1859-ல் வந்த அரசப் பிரகடனம் நாடார் பெண்கள் மாரை எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் மூடக் கூடாது என்றது. அங்கே காத்தது மானத்தை அல்ல, வித்தியாசத்தை. அதே திருவிதாங்கூரில் 1893-ல் அய்யன்காளி வெள்ளை வேட்டியும் மேல்துண்டும் தலைப்பாகையுமாக வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனார். 1915-ல் கொல்லத்தில் நடந்த கூட்டத்தில் புலையர் பெண்கள் சாதி அடையாளமாகச் சுமந்துகொண்டிருந்த கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். 1927 டிசம்பரில் மகாடில் சத்தியாகிரக மாநாடு நடந்தபோது அம்பேத்கர் பெண்களைத் தனியாக அழைத்துப் பேசினார். மேல்சாதிப் பெண்கள் கட்டுவது போலவே சேலை கட்டுங்கள், தீண்டப்படாதவள் என்று தூரத்திலேயே காட்டிக் கொடுக்கிற கழுத்துப் பாரத்தையும் முழங்கை வரை அடுக்கிய வளையல்களையும் கழற்றுங்கள் என்றார். மறுநாளே பெண்கள் கணுக்கால் வரை சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது பதிவு. குளத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நம் மேடைகளில் இந்தச் சேலையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆண்கள் எழுதிய வரலாறு, வேறென்ன.

சுதந்திரம் வந்த பிறகு சட்டம் வந்தது. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் நாலாம் பிரிவு, நகையும் ஆடம்பர உடையும் அணிவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. அறுபது வருசம் கழித்து, 2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். பொது இடத்தில் செருப்பு அணிவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதை, ஊர்வலத்தில் குதிரையோ வேறு வாகனமோ ஏறுவதைத் தடுத்தால் குற்றம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். இராமநாதபுரத்தின் எட்டையும் பதினொன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது மாதிரியே இருக்கிறது. 1930-ல் தடையை வைத்து வழக்கத்தைக் கண்டுபிடித்தோம் அல்லவா? 2015-ல் சட்டத்தை வைத்துத் தடையைக் கண்டுபிடிக்கலாம்.

இன்றைய உத்தரகண்டில், கபால்டா என்ற ஊர் வழியாக 1980 மே 9 அன்று ஒரு தலித் கல்யாணக் கூட்டம் போனது. மாப்பிள்ளை பல்லக்கிலிருந்து இறங்கி நடக்க வேண்டும் என்றார்கள், இறங்கவில்லை. வீட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்களைத் தீ வைத்தும், வெளியே ஓடியவர்களை அடித்தும் 14 பேரைக் கொன்றார்கள். கல்யாணத்துக்கென்று உடுத்திக் கிளம்பிய விருந்தாளிகள். அதே மாநிலத்தில் தெஹ்ரி கர்வால் மாவட்டத்தில் 2019 ஏப்ரலில், ஒரு கல்யாண விருந்தில் மேல்சாதியார் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக 23 வயதுப் பையனை அடித்தார்கள் என்றும், அதனால்தான் ஒன்பதாம் நாள் இறந்தான் என்றும் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். இவன் கொல்லைப்பக்கம் ஏனத்தோடு நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான்.

தமிழ்நாடு வேறு என்று சொல்கிறவர்கள் 2012-ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணமாக்கி நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். அந்தச் சமயத்தில் ஒரு கட்சியின் நிறுவனர், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். கோட்டு, சட்டை, பனியன் இருந்த இடத்தில் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ். எண்ணிக்கைகூட மூன்றுதான்.

இனி நம் தோழர்களோடு ஒரு சண்டை. இயக்கக் கல்யாணங்களுக்குப் பட்டு கட்டிப் போனால் நம்மிலேயே சிலர் முகம் சுளிக்கிறார்கள். எளிமையாக வர வேண்டுமாம். சாதாரணக் கைத்தறி, ஒரு ஜோல்னாப் பை. படித்த நண்பர்கள் சிலர் இன்னும் மேலே போய், தலித்துகள் பட்டும் தங்கமும் போடுவது மேல்சாதியைப் போலச் செய்வது, மேல்நிலையாக்கம் என்று புத்தகத்தைத் திறக்கிறார்கள். எளிமை நல்லதுதான். பெட்டியில் துணி இருக்கிறவர் உடுத்தாமல் வந்தால் அது எளிமை. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றினார். கழற்ற அவரிடம் சட்டை இருந்தது, போட்டதற்காக யாரும் அவரை அடித்ததில்லை. ஒன்பது வருசம் கழித்துப் பக்கத்து மாவட்டத்தில் எங்கள் ஆட்களை அதே கோலத்தில் நிற்கச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தக் கோலத்தை விரதமாகப் பார்க்க எனக்கு முடியவில்லை. போலச் செய்கிறோம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி: சட்டையும் செருப்பும் எந்தச் சாதியின் சொத்து? யாருக்கும் சொத்தில்லாத ஒன்றை நாங்கள் உடுத்தினால் யாரைப் போலச் செய்கிறோம்?

அதற்காகக் கந்துக்குப் பணம் வாங்கிப் பட்டெடுப்பதை நான் நியாயம் சொல்லவில்லை. எங்கள் தெருவில் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரே நிறத்தில் இருபது பெண்களுக்குச் சேலை எடுக்கிற புதுப்பழக்கம் வந்திருக்கிறது. போட்டோவுக்கு நன்றாக இருக்கிறது, தவணை ஒரு வருசம் ஓடுகிறது. இதைப் பெண்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் அந்தப் பேச்சை ‘உனக்கு எதுக்கு இது’ என்று தொடங்க யாருக்கும் உரிமை இல்லை. அந்த வாக்கியத்தை எங்கள் ஆத்தாக்கள் கேட்டு முடித்துவிட்டார்கள்.

மண்டபங்கள் வந்தது பல விசயங்களை மாற்றியது. வீட்டு வாசலில் பந்தல் போட்ட காலத்தில் வாசலும் கொல்லையும் தனித்தனி. டவுனில் காசு கொடுத்துப் பிடிக்கிற மண்டபத்துக்குக் கொல்லைப்பக்கம் கிடையாது. எந்தச் சாதிக் கல்யாணமானாலும் ஒரே படிக்கட்டு, ஒரே பந்தி. கூடப் படித்த ஒருத்தி, எங்கள் ஊரின் பெரிய சாதிதான், மண்டபத்தில் நடந்த தன் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்தாள். நானும் அப்பாவும் போனோம். அப்பா ரெடிமேட் சட்டை, வேட்டி, செருப்பு எல்லாம் போட்டு வந்தார். வரவேற்பில் ஊர்க்காரர்களைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டு தானாகவே கைக்கு இறங்கிவிட்டது. அறுபது வயதுக் கை அது. நான் துண்டை வாங்கி மறுபடி தோளில் போட்டேன். ‘விடு தாயி’ என்றார், ஆனால் எடுக்கவில்லை. சந்தனம் தெளித்தார்கள், உள்ளே போனோம். எதிர்வரிசையில் ஒருவர், ‘என்ன, பட்டெல்லாம் பலமா இருக்கு’ என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார். ‘கல்யாணத்துக்குத்தானே வந்திருக்கோம்’ என்றேன். இலை போட்டார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய ஸ்டூடியோக்களில் இரவலுக்குக் கோட்டு மாட்டி வைத்திருப்பார்கள். அதைப் போட்டு எடுத்த கல்யாணப் போட்டோ நம் வீடுகளில் எங்காவது ஒரு தகரப் பெட்டியில் கிடக்கும். அதை வெளியே எடுத்து, பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி அனுப்புங்கள். எந்த வருசம், யார் கல்யாணம், என்ன உடுத்தினார்கள், துணி யாருடையது, அதை உடுத்தி ஊர்ப் பாதையில் நடந்தார்களா அல்லது மண்டபத்தின் வாசலில் போய் மாற்றினார்களா. சேலையின் நிறம் ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். கறுப்பு வெள்ளைப் போட்டோவில் அது தெரியாது.